மருத்துவ ஆய்வுத் திட்ட மேலாளர் வேலை: நுழைவதும் நிலைப்பதும்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ நேராக மேலாளர் நாற்காலிக்கு ஆள் எடுப்பது அரிது. ஆய்வு உதவியாளர், பிறகு ஒருங்கிணைப்பாளர், அதன் பிறகுதான் திட்ட மேலாளர். உயிரிமருத்துவம், மருந்தியல், தாதிமை, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றில் ஒரு பட்டம் போதும். அதோடு ஜிசிபி, அதாவது நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைக்கான சான்றிதழ் வாங்கிவிடுங்கள். தேர்வோடு முடியும் சில நாள் பயிற்சி அது. மருந்துச் சோதனை நடக்கும் இடத்தில் அது இல்லாமல் உங்களை எதையும் தொட விடமாட்டார்கள். படிக்கும்போது, இந்த நடைமுறைக்கான பன்னாட்டு வழிகாட்டியான ஐசிஎச் இ6இன் 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் படியுங்கள். பழைய பிரதிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

நேர்முகத்தில் சம்பளத்தைவிட முக்கியமான கேள்வி: "இந்த ஆய்வு மானியத்தில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம்?" வேலை பெரும்பாலும் ஒப்பந்தம்தான். மானியம் முடிந்தால் வேலையும் முடியும்.

வேலையில் சேர்ந்தால் முதலில் அனுமதி. ஆய்வு எந்த மருத்துவமனையில் நடக்கிறது என்பதைப் பொறுத்துக் கதவு மாறும். சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடான என்எம்ஆர்ஆர் தளத்தில் பதிவு செய்து, அமைச்சின் நெறிமுறைக் குழுவான எம்ஆர்இசியின் ஒப்புதல் பெற வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் மருத்துவமனைகளுக்குச் சொந்த நெறிமுறைக் குழு உண்டு. இரண்டிலும் நோயாளிகளைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு ஒப்புதலும் தேவை. ஒன்று கிடைத்தவுடன் மற்றதிலும் தொடங்கிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. பதிவு பெறாத மருந்தைச் சோதிப்பதென்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏயின் அனுமதியும் வேண்டும். ஒப்புதல் காலாவதியாகும் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அந்த நாள் தாண்டினால் ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்க முடியாது.

அடுத்தது கணக்கு. திட்டங்கள் கவிழ்வது இங்கேதான். நீரிழிவு ஆய்வுக்கு 120 பேர் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்குக்கு வாரம் 40 பேர் வருகிறார்கள், அதில் 20 பேர் தகுதி உள்ளவர்கள். "ஆறே வாரம்" என்பார் மருத்துவர். ஆனால் தகுதியுள்ளவர்களில் மூன்றில் ஒருவர் சம்மதித்தாலே நல்ல காலம். வாரத்துக்கு ஆறேழு பேர்தான். சரி, 20 வாரத்தில் முடியுமா? முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வரும் கூட்டம் என்றால், 13ஆவது வாரத்தில் அதே முகங்கள்தான் திரும்ப வரும். அந்த கிளினிக்கில் மொத்தமே ஏறக்குறைய 80 பேர்தான் கிடைப்பார்கள். ஆகவே இரண்டாவது இடத்தை முதல் விண்ணப்பத்திலேயே சேருங்கள். பிறகு சேர்ப்பதென்றால் திருத்த விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் மருந்து வேளையும் இரத்தம் எடுக்கும் நேரமும் மாறும். சீனப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களில் வரவேற்பறை காலியாக இருக்கும். அட்டவணை போடும்போதே இவற்றைக் கழித்துவிடுங்கள்.

சம்மதப் படிவம் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் எனப் பல மொழிகளில் இருக்கும். தமிழ்ப் படிவம்தான் அதிகம் உதைக்கும். "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு" என்று எழுதினால் தோட்டத்தில் வளர்ந்த பாட்டிக்கு எதுவும் புரியாது. "சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல, எந்த மருந்து என்பதை நீங்களும் டாக்டரும் முடிவு செய்ய முடியாது" என்று எழுதுங்கள். மொழிபெயர்ப்பை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மூல மொழிக்குத் திருப்பச் சொல்லுங்கள், பிழை தானே வெளிவரும். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது என்ற நோயாளிக்கு நடுநிலைச் சாட்சி ஒருவர் முழு விளக்கத்தையும் உடனிருந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும். ஆய்வுக் குழுவினர் சாட்சியாக முடியாது.

ஒரு மொழியில் வரி மாறினால் எல்லா மொழியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் மாற வேண்டும். புதிய படிவம் ஒப்புதலான அன்றே பழைய கட்டுகளை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆய்வைச் சரிபார்க்கும் கண்காணிப்பாளர் வரும்போது முதலில் தேடுவது பழைய பதிப்பில் வாங்கிய கையெழுத்தைத்தான்.

மானியப் பணம் "வோட்" எனும் செலவுத் தலைப்பு வாரியாக, எண்ணோடு வரும்: 11000 சம்பளம், 21000 பயணம், 27000 ஆய்வுப் பொருள், 29000 சேவை, 35000 கருவி. ஒன்றில் மிச்சம் இருக்கிறதென்று இன்னொன்றுக்குத் தன்னிச்சையாக மாற்ற முடியாது. அனுமதி கேட்க வேண்டும். மாதம் ஒருமுறை பல்கலைக்கழக நிதிப் பிரிவின் கணக்கோடு உங்கள் கணக்கை ஒப்பிடுங்கள்.

மாதிரிகள் வைக்கும் உறைபெட்டி −80 பாகை செல்சியஸில் நிற்கிறதா என்பதைத் தினமும் குறியுங்கள். வார இறுதியில் மின்சாரம் போனால் சாவி யாரிடம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். நோயாளிக்குக் கடுமையான பாதகம் நேர்ந்தால், தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வின் ஆதரவாளருக்கு, அதாவது ஆய்வுக்குப் பொறுப்பேற்ற நிறுவனத்துக்கு, அறிக்கை போக வேண்டும். முழு விவரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஒப்பந்தம் முடிந்து போகும் நாளில், யாருக்கு எந்த வேலை எனக் குறிக்கும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே முடிவுத் தேதி போட்டு ஆய்வுத் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் நீங்கள் போன பிறகு நடந்ததும் உங்கள் பெயரில்தான் நிற்கும்.