பறக்கும் நேரத்துக்கு ஒரு மனக்கணக்கு
தொலைதூர நகரங்கள் இரண்டுக்கு இடையே விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்பதை அறிய, அவற்றின் நேர்வழித் தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பயணச்சீட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்க்க வேண்டாம். அவை அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும், மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதால்தான் அந்த அரை மணி நேரம் தேவைப்படுகிறது.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 5,550 கிலோமீட்டர். கணக்குப்படி 7 மணி நேரம். ஆனால், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலுவான மேல்வளிக் காற்றை எதிர்த்து நியூயார்க் செல்லும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாகும். இடையில் விமானம் மாறும் பயணத்துக்கும், மூடப்பட்ட வான்பரப்பைச் சுற்றிச் செல்லும் தடங்களுக்கும் இக்கணக்கு பொருந்தாது.