டிக் உள்ள பிள்ளைக்குப் பல் வைத்தியம்: யாழ்ப்பாணத்தில் குடியேறுவோருக்கு

வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய கையோடு வீடு, பள்ளிக்கூடம் என்று ஓடுகையில் பிள்ளையின் பல் கடைசிக்குத் தள்ளுப்படும். கண் வெட்டுதல், தோள் குலுக்குதல், கனைத்தல் போன்று, தன்னை மீறித் திரும்பத் திரும்ப வரும் அசைவோ சத்தமோ (டிக்) உள்ள பிள்ளையென்றால் அப்படி விடாதீர்கள். இடம் மாறிய பதற்றத்தில் டிக் கூடலாம். தாடையை இறுக்குகிற, நாக்கைக் கடிக்கிற, பல்லோடு பல்லைத் தட்டுகிற பிள்ளைக்குப் பல் விளிம்பு உடையும், கன்னத்தின் உட்புறம் புண்ணாகும்.

பள்ளிக்கூடம் போகும் வயதில், 13 வயது வரைக்கும், முதலில் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்துக்குப் போகலாம், காசில்லை. உங்கள் பகுதிக்கு எது என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். பிள்ளை கதிரையில் இருக்கவே முடியாத நிலையென்றால் அங்கிருந்து துண்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வீதியிலுள்ள போதனா வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போங்கள். பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ உள்ள பழைய மருத்துவ அறிக்கையை இங்கே யாரும் வாசிக்கப் போவதில்லை. அரைப்பக்க ஆங்கிலச் சுருக்கம் போதும்: என்ன டிக், தலை எந்தப் பக்கம் வெட்டும், டிக் வரப்போவது பிள்ளைக்கு முன்பே தெரியுமா, மருந்தும் அளவும். 'இது வலிப்பு இல்லை' என்ற வரியை மேலே எழுதுங்கள். அந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

கதிரையில் ஏறுமுன்பே வைத்தியரோடு மூன்று விஷயம் பேசி முடியுங்கள். ஒன்று, பிள்ளை கை உயர்த்தினால் கருவியை வெளியே எடுக்க வேண்டும். பல் துளைக்கும் கருவியின் முனை, மிதியிலிருந்து கால் எடுத்த பிறகும் கொஞ்சம் சுற்றும்; ஆகவே டிக் வரப்போகிற உணர்விலேயே கை உயர வேண்டும், வந்த பிறகு அல்ல. இரண்டு, கடைவாய்ப் பற்களுக்கிடையில் றப்பர் கட்டை வைத்தால் திடீரென வாய் மூடி வைத்தியரின் விரலோ வாய்க்குள் விடும் சிறு கண்ணாடியோ கடிபடாது. கட்டையில் நூல் கட்டி வெளியே விட்டிருக்க வேண்டும். மூன்று, சில நிமிடத்துக்கு ஒருக்கா ஓய்வு. அடக்கி வைத்த டிக் அந்த இடைவெளியில் கொட்டித் தீரட்டும். "ஆடாமல் இரு" என்று வெருட்டினால் கூடுமே தவிரக் குறையாது. கூட வரும் அம்மம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

விறைப்பூசி போட்டால் உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணித்தியாலம் மரத்திருக்கும். கடிக்கிற டிக் உள்ள பிள்ளை அதற்குள் உதட்டைக் குதறிவிடும். விறைப்பு விடும்வரை சாப்பாடு வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள்.

டிக்குக்குக் கொடுக்கும் குளோனிடின் என்ற மருந்து எடுக்கிற பிள்ளையென்றால், கிளினிக் போகும் காலையில் அதைத் தவறவிடாதீர்கள்; திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஏறலாம். மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால் அந்த வைத்தியர் சொல்வதுதான் கணக்கு. குளோனிடின் வாயை உலர்த்தும், உலர்ந்த வாயில் சூத்தை சீக்கிரம் விழும். தேத்தண்ணியோடு நாள் முழுக்கப் பனங்கட்டி கடிப்பதை நிறுத்தி, சாப்பாட்டோடு ஒருமுறை கொடுங்கள். இடையில் வெறும் தண்ணீர்.

வீட்டில் பல் துலக்கும்போது பிள்ளையைத் தாழ்ந்த கதிரையில் இருத்தி நீங்கள் பின்னால் நில்லுங்கள். தலை உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்க, இடது கையால் நாடியைக் கீழிருந்து தாங்குங்கள், அமத்த வேண்டாம். பிரஷ் சிறிய தலையாக இருக்கட்டும். ஃபுளோரைட் பற்பசை மூன்று வயதுக்குள் அரிசியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு. டிக் வரும்போது பிரஷை வெளியே எடுங்கள். அண்ணத்தில் குத்துவது அந்த நொடியில்தான். பிரஷை வாயில் வைத்தபடி நடக்க விடவே கூடாது.

டிக்கை அடியோடு நிறுத்தும் வாய்த்தகடு என்று யாரும் விற்றால் வாங்காதீர்கள். பல் தேய்வைத் தடுக்கும் மென்தகடு வேறு. அதுவும் பால்பல் மாறும் வயதில் அடிக்கடி பொருந்தாமல் போகும்.

நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் மேற்புறத்தைப் பிடித்து எடுங்கள். உரஞ்ச வேண்டாம். பாலுக்குள் போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோங்கள். பால்பல்லைத் திருப்பிச் செருக முயல வேண்டாம்.