மெரைன் டேங்க் தெளியவே மாட்டேன் என்கிறதா? முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் எடுங்கள்

கடல் மீன் வளர்க்கும் ஐநூறு லிட்டர் மெரைன் டேங்க் வாரக்கணக்கில் கலங்கிக் கிடந்தால், பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுசு ஊற்றத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். வேலூரில் நமக்குக் கடல் தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு லிட்டரும் ஆர்ஓ தண்ணீரில் சால்ட் மிக்ஸ் (கடல் தண்ணீர் செய்யும் உப்புக் கலவை) கரைத்தது. என்ன கலங்கல் என்று தெரியாமல் மாற்றினால் உப்புக் காசு போகும், ரெண்டு நாளில் கலங்கலும் திரும்பி வரும்.

முதல் வேலை, காற்று. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். டேங்குக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை, தண்ணீர் மேல்மட்டம் அலையடிக்கும்படி திருப்புங்கள், ஏர் பம்ப் போடுங்கள். கத்திரி வெயிலில் டேங்க் 30 டிகிரியைத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மூடியைத் திறந்து ஃபேன் வையுங்கள்.

அடுத்து, தம்ளர். நிறமில்லாத கண்ணாடித் தம்ளரில் டேங்க் தண்ணீரை எடுத்து, பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, நாலைந்து மணி நேரம் ஆட்டாமல் விடுங்கள். ஒரு நிமிஷத்தில் தெளிந்தால் அது வெறும் நுண்குமிழி: டேங்குக்குக் கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டியான சம்ப்பில் தண்ணீர் மட்டம் இறங்கி, தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் காற்றை இழுக்கிறது, அல்லது அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரிலிருந்து குமிழி தப்பி வருகிறது. பச்சையாக இருந்தால் மிதக்கும் பாசி. அடியில் வெள்ளைப் பொடி படிந்தால் மணல் தூசி அல்லது சுண்ணாம்புப் படிவு. எதுவும் படியாமல், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி அப்படியே நின்றால் பெரும்பாலும் பாக்டீரியா.

நீண்ட நாள் தெளியாத டேங்குகளில் நான் முதலில் சந்தேகப்படுவது பாக்டீரியாவைத்தான். தண்ணீரில் அழுகும் பொருள் கூடும்போது மிதக்கும் பாக்டீரியா கிடுகிடுவென்று பெருகும். ஆக்சிஜனையும் அதுவே தின்றுவிடும். அந்த அழுகலைக் கண்டுபிடிக்காமல் கலங்கல் போகாது. டார்ச் அடித்துப் பாறை இடுக்கு, தண்ணீர் சம்ப்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோ பெட்டி, சம்ப் மூலை எல்லாம் பாருங்கள். செத்த நத்தை ஒன்று போதும். அழுக்கைப் பிடிக்கும் துணிப் பையான ஃபில்டர் சாக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள், வழவழவென்று பழுப்பாக இருந்தால் உடனே மாற்றுங்கள். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான் அது. கரன்ட் பல மணி நேரம் போயிருந்ததா? அப்படியானால் மூடிய டப்பா மாதிரியான கேனிஸ்டர் ஃபில்டருக்குள் நின்ற தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து கெட்டிருக்கும். கரன்ட் வந்ததும் அந்தத் தண்ணீரை டேங்கில் விடாமல் கொட்டிவிடுங்கள். இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கரையாவது சேர்ப்பது நல்ல செலவு.

அப்புறம், திடமான பெரிய மீன்களுக்கு ரெண்டு நாள் தீனி நிறுத்தலாம். ஸ்கிம்மரை 24 மணி நேரமும் ஓட விடுங்கள். அம்மோனியா டெஸ்ட் தினமும் போடுங்கள். கடல் தண்ணீரின் பிஎச் 8க்கு மேல் இருப்பதால் நன்னீர் டேங்கைவிட இங்கே அதே அளவு அம்மோனியா அதிக விஷம். அது ஏறினால் மட்டும் 15 சதவீதம், அதாவது 75 லிட்டர் மாற்றுங்கள். யூவி விளக்கு பாக்டீரியாவையும் பச்சைத் தண்ணீரையும் தெளிய வைக்கும். பொடிக் கலங்கலுக்கு அதனால் பயனில்லை.

சரி, தம்ளர் அடியில் பொடியா? புது மணல் போட்டிருந்தால், வேவ்மேக்கர் மணலைப் பார்த்து வீசினால், அது தூசி. திசையை மாற்றி மெல்லிய சாக் போட்டால் தீரும். பிஎச் இறங்காமல் காக்கும் பஃபர் பொடியோ கால்சியமோ ஊற்றிய பிறகு வந்ததென்றால் படிவு. டோசிங்கை நிறுத்துங்கள். ஆல்கலினிட்டி (அமிலத்தைச் சமன் செய்யும் திறன்) டெஸ்ட் கிட்டில் 8 முதல் 11 டிகேஎச், கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று இருக்க வேண்டும். மெக்னீசியம் குறைந்தால் சுண்ணாம்பு சுலபமாகப் பிரிந்துவிடும். பம்ப்புக்குள் சுற்றும் இம்பெல்லரைக் கழற்றித் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று வெள்ளையாக ஒட்டியிருந்தால் வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

நம் ஊரில் இந்தப் படிவுக்குத் தண்ணீரே காரணமாகவும் இருக்கலாம். பக்கெட் ஓரத்திலும் கீசர் காயிலிலும் வெள்ளையாகப் படிகிறதே, அந்த போர் தண்ணீரில் உப்புக் கரைத்தால் கால்சியமும் ஆல்கலினிட்டியும் எல்லை மீறும். வீட்டு ஆர்ஓ போதும் என்று நினைக்காதீர்கள். பல மெஷின்களில் சுவைக்காக, ஆர்ஓ மெம்பிரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் இருக்கிறது. குடிக்க நல்லது, டேங்குக்கு ஆகாது. அந்தக் கன்ட்ரோலரை மூடி, மினரல் கார்ட்ரிட்ஜைத் தாண்டி லைன் எடுத்து, கடைசியில் மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் சேருங்கள். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும்.

உப்புக் கலக்கும்போது தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் டிரம்மிலேயே படிவு கட்டும். 75 லிட்டருக்கு ஏறக்குறைய 2.8 கிலோ, பம்ப் போட்டு ஒரு நாள் சுற்ற விட்டு, உப்பு அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) பார்த்த பிறகே டேங்கில் சேருங்கள். வெயிலில் ஆவியாகிக் குறைந்த மட்டத்துக்கு மட்டும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்.