முதலில் நைட்ரஜனைப் பாருங்கள்: பல்லின வளையங்களைக் கணிக்கும் முறை

பல்லின வளையம் என்றால் கார்பனோடு வேறு அணுவும் சேர்ந்த வளையம். ஐந்து அணு வளையமான பிர்ரோலிலும் நைட்ரஜன் இருக்கிறது, ஆறு அணு வளையமான பிரிடினிலும் இருக்கிறது. ஆனால் பிரிடின் காரம், அதாவது புரோட்டானை ஏற்கும். பிர்ரோல் பெயருக்குக்கூடக் காரம் இல்லை. நைட்ரஜனின் தனித்த இணை எலக்ட்ரான்கள் (பிணைப்பில் ஈடுபடாத இரண்டு) எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் தீரும்.

வளையத்தை இரட்டைப் பிணைப்புகளோடு வரையுங்கள். நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பில் இருந்தால், பை அமைப்புக்கு (வளையம் முழுக்கப் பரவும் எலக்ட்ரான் தொகுதிக்கு) அது ஓர் எலக்ட்ரானை ஏற்கெனவே கொடுத்துவிட்டது. தனித்த இணை வளையத்தின் தளத்திலேயே வெளிப்பக்கம் நீட்டி நிற்கும், அதை எண்ணக்கூடாது. மூன்றும் ஒற்றைப் பிணைப்புகள் என்றால் அந்த இணை பை அமைப்பில் சேரும். 2 என்று எண்ணுங்கள். பிரிடின்: மூன்று இரட்டைப் பிணைப்புகள், 6. பிர்ரோல்: 4 + 2 = 6. வளையம் முழுக்க இப்படி 6 பை எலக்ட்ரான்கள் பரவினால் அது தனி நிலைப்புத்தன்மை பெறும்; அதையே அரோமேட்டிக் என்கிறோம். இரண்டும் அரோமேட்டிக். பிர்ரோலின் நைட்ரஜன் இடத்தில் ஆக்சிஜன் உள்ள பியூரானில் ஆக்சிஜனுக்கு இரண்டு இணைகள் உண்டு. இரண்டையும் சேர்த்து 8 என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. ஓர் இணைதான் பை அமைப்பில் சேரும், மற்றது தளத்தில் கிடக்கும்.

காரத்தன்மையை இனி ஊகிக்கலாம். பிரிடினின் இணை அமிலத்துக்கு (புரோட்டானை ஏற்ற வடிவத்துக்கு) பி.கே.ஏ. மதிப்பு 5.2, பிர்ரோலுக்கு ஏறத்தாழ −4. இந்த மதிப்பு கூடினால் காரத்தன்மையும் கூடும். பிர்ரோல் புரோட்டானை ஏற்றாலும் பெரும்பாலும் 2-ஆம் கார்பனில்தான் ஏற்கும், ஏனென்றால் நைட்ரஜனில் ஏற்றால் அரோமேட்டிக் தன்மை போய்விடும், ஈடாக உடனிசைவும் (மின்னூட்டம் பல அணுக்களில் பரவுவதால் வரும் நிலைப்பும்) கிடைக்காது. இமிடசோல் என்ற ஐந்து அணு வளையத்தில் இரு வகை நைட்ரஜனும் உண்டு, புரோட்டானைப் பிடிப்பது இரட்டைப் பிணைப்பில் உள்ளதுதான் (பி.கே.ஏ. 7). தேர்வில் அடிக்கடி மாற்றி எழுதப்படுவது இதுதான்.

வினைத்திறனும் இதே கணக்கு. பிர்ரோலில் 6 எலக்ட்ரான்கள் 5 அணுக்களில் பரவியிருக்கின்றன, அதனால் எலக்ட்ரான் கவர் பொருள்கள் எளிதில் தாக்கும். 2-ஆம் இடத்தில் தாக்கினால் இடைநிலைக்கு மூன்று உடனிசைவு வடிவங்கள், 3-ஆம் இடத்தில் இரண்டே. வடிவங்கள் கூடினால் நிலைப்பு கூடும், ஆகவே 2 முந்தும். நைட்ரோ ஏற்றத்துக்கு (வளையத்தில் NO₂ சேர்ப்பதற்கு) வழக்கமான நைட்ரிக்–சல்ஃப்யூரிக் அமிலக் கலவையை எடுத்தால் பிர்ரோல் பலபடியாகிக் கறுத்த பிசினாகும். அசிட்டிக் நீரிலியில் நைட்ரிக் அமிலம், அதுவும் குளிர்நிலையில், என்பதே வழி. இதில் உருவாகும் அசிட்டைல் நைட்ரேட் வெடிக்கக்கூடியது. சேர்த்து வைக்கவோ சூடாக்கவோ கூடாது.

பிரிடின் நேர் எதிர். அமிலத்தில் அது முதலில் பிரிடினியம் அயனியாகி, எலக்ட்ரான் கவர் பொருளை இன்னும் விரட்டும். 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினாலும் 3-நைட்ரோபிரிடின் மிகக் குறைவாகவே கிடைக்கும். அதற்குப் பதில் எலக்ட்ரான் தரும் சோடமைடோடு (NaNH₂) சூடாக்கிப் பாருங்கள்: 2-அமினோபிரிடின் ஒழுங்காக வரும். சிச்சிபாபின் வினை என்பது இதுதான்.