கேட்டமரான் வாங்கும்போது வேகத்திலும் வசதியிலும் போடும் தப்புக் கணக்குகள்

நம் கட்டுமரம் கொடுத்த பெயர்தான் கேட்டமரான். இன்று அந்தப் பெயரில் விற்பது, பாலம் போன்ற ஒரு தளம் இணைக்கும் இரட்டை உடல் படகு. நெடும்பயணத்துக்கு அதை வாங்க நினைப்பவர்கள் பலரும் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் படகில் ஏறி வசதியை அளக்கிறார்கள். அகலமான படுக்கை, பெரிய சமையலறை, சரி. ஆனால் கடலில் வசதி என்பது பெரும்பாலும் அந்தத் தளத்தின் அடிக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளிதான். அது போதாவிட்டால், எதிர்க்காற்றில் போகும்போது அலை கீழிருந்து சம்மட்டி போல அறையும். மேசையில் வைத்த தம்ளர் துள்ளும், தூங்குகிறவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். 12 மீட்டர் படகுக்கு 60 முதல் 70 செ.மீ. இடைவெளியாவது பாருங்கள்.

அதையும் காலிப் படகில் அளந்து ஏமாறக் கூடாது. நீர்மட்டத்தில் இரு உடல்களின் பரப்பும் சேர்ந்து 20 சதுர மீட்டர் என்றால், ஏறும் ஒவ்வொரு 200 கிலோவுக்கும் படகு சுமார் 1 செ.மீ. அமிழும். 600 லிட்டர் குடிநீரே 600 கிலோ. அதோடு டீசல், நங்கூரச் சங்கிலி, பேட்டரி, ஜெனரேட்டர் என்று 2 டன் ஏற்றினால் 10 செ.மீ. போய்விடும். வேகமும் குறையும், அலை அறைவதும் பலக்கும். வசதிக்கென்று ஏற்றிய பொருளே வசதியைத் தின்கிறது. இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வேகமே வேண்டாம் என்பதும் தப்புதான். 100 கடல் மைலுக்கு 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகத்தில் பன்னிரண்டரை மணி நேரம், 6 நாட்டில் ஏறத்தாழ 17 மணி நேரம். இருட்டுவதற்குள் நங்கூரம் போடுவோமா என்பதை அந்த வித்தியாசமே முடிவு செய்யலாம். அதே சமயம், குலுக்கலில் யாருக்கும் தூக்கம் வராத படகில் ராத்திரி பாய்மரத்தின் பாயைச் சுருக்கித்தான் ஓட்டுவார்கள். கொடுத்த காசுக்கு அந்த வேகம் கிடைக்கப் போவதில்லை.

டேகர்போர்டு, அதாவது தண்ணீருக்குள் இறக்கி ஏற்றக்கூடிய பலகை, இருந்தால் காற்றை எதிர்த்து நன்றாக ஏறலாம். படகின் அடியில் நிலையாகப் பொருத்திய துடுப்பு போன்ற குட்டைக் கீலில் பராமரிப்பு குறைவு, தரைதட்டினாலும் தாங்கும். உங்கள் பாதையைப் பார்த்து எடுங்கள்.

எடை குறைந்த, பாய் பெருத்த படகை எடுப்பவர்கள் மறப்பது இன்னொன்று. ஒற்றை உடல் படகு சாய்ந்து எச்சரிக்கும். கேட்டமரான் அவ்வளவாகச் சாயாது, கவிழ்ந்தால் தானாக நிமிரவும் நிமிராது. அதனால் சராசரிக் காற்றுக்கு அல்ல, வீசக்கூடிய பெரிய காற்றுக்கு ஏற்ப முன்கூட்டியே பாயைச் சுருக்க வேண்டும்.

சோதனை ஓட்டத்தை நிறைசுமையோடு, எதிர்க்காற்றில் கேளுங்கள். அப்புறம் முன்னறையில் போய் ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கள்.