தூரப் பயணத்துக்கு பைக் சீட் மாற்றுகிறீர்களா?

கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "நல்லா மெத்துனு இருக்கு" என்று சீட் வாங்குபவர்கள்தான் அதிகம். சென்னையிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 700 கி.மீ. அந்த மெத்தென்ற ஃபோம் விழுப்புரம் தாண்டுவதற்குள் அமுங்கி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு உறுத்த ஆரம்பித்துவிடும். தொடக்கத்தில் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும் அடர்த்தியான ஃபோம்தான் நாள் முழுக்கத் தாங்கும்.

அடுத்து அகலம். உடம்பின் பாரம் இறங்குவது உட்காரும் இடத்தில் இருக்கும் இரண்டு எலும்புகளில். அவை இரண்டும் சீட்டின் மேல் முழுதாகப் பதிய வேண்டும். அதேசமயம் டேங்க் பக்கம் சீட் ஒடுங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் சிக்னலில் கால் ஊன்றச் சிரமம். முன்பக்கம் சரிவாக இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்கில் போய் முட்டுவீர்கள். எனக்கு இதுதான் பெரிய எரிச்சல்.

தையல் நடுவில் ஓடும் சீட் வேண்டாம். உள்ளே ஜெல் வைத்த சீட் நல்லதுதான், ஆனால் நம்மூர் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் தோசைக்கல். மேலே காற்றோட்டமான மெஷ் கவர் போட்டுக்கொள்ளலாம்.

புது சீட்டே வேண்டும் என்றில்லை. சென்னை புதுப்பேட்டை மாதிரி வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் இடங்களில் பழைய சீட்டுக்கே ஃபோம் மாற்றித் தருவார்கள். வேலை முடிந்ததும் ரெக்சின் ஓரத்தில் தண்ணீர் இறங்குமா, சீட் லாக் சரியாக விழுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.