கோப்திக் சங்கீதச் சுவடிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதாகமத்தின் சங்கீதப் பாடல்களை, பழைய எகிப்தியக் கிறிஸ்தவர்களின் மொழியான கோப்திக்கில் எழுதிய சுவடிகளைப் பற்றியது இது. பாப்பிரஸ் (எகிப்திய நாணல் தாள்) ஏட்டை அழுக்குக் கையால் தொடாதே, படத்தில் நிறத்தைக் கூட்டிக் குறைக்காதே என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம். சுவடியின் படத்தை வைத்துக்கொண்டு விவரப்பட்டியலோ கட்டுரையோ எழுத உட்கார்ந்த பிறகு வரும் தவறுகள்தான் இங்கே.

எண்ணைப் பார்த்து வேதாகமத்தைத் திறப்பது

இதற்கு மட்டும் பொறுமை வருவதில்லை. தவிர்க்க ஐந்து நிமிடம் போதும், தவிர்க்காவிட்டால் மாதக் கணக்கில் உழைப்பு வீண்.

ஏட்டில் சங்கீதத் தலைப்பின் அருகே கப்பா, வீட்டா என்று இரண்டு எழுத்து, அவற்றின்மேல் ஒரு கோடு. கோப்திக்கில் எழுத்துகளே எண்கள். கப்பா 20, வீட்டா 2, ஆக 22. உடனே தமிழ் வேதாகமத்தில் 22-ஆம் சங்கீதத்தைப் புரட்டி வரிக்கு வரி ஒப்பிடத் தொடங்குகிறார்கள். ஒரு வரிகூடப் பொருந்தாது. "கோப்திக் மொழிபெயர்ப்பு மூலத்திலிருந்து வெகுவாக விலகுகிறது" என்று குறிப்பு வேறு எழுதிவிடுவார்கள். எதுவும் விலகவில்லை. ஏட்டில் இருப்பது மேய்ப்பர் சங்கீதம், அதாவது நம் 23.

காரணம் எளிது. கோப்திக் சங்கீதங்கள் செப்துவஜிந்து என்ற கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து வந்தவை. நம் தமிழ் வேதாகமம் எபிரேய எண்முறையில் போகிறது. எபிரேயத்தில் 9, 10 என்று தனித்தனியாக உள்ளவை கிரேக்கத்தில் ஒரே சங்கீதம். அங்கிருந்து எண் ஒன்று குறைந்துகொண்டே போகும். நம் 11 முதல் 113 வரை அங்கே 10 முதல் 112 வரை. நம் 114, 115 இரண்டும் சேர்ந்து 113. நம் 116 இரண்டாக உடையும்: முதல் 9 வசனம் 114, மீதி 115. பிறகு 117 முதல் 146 வரை மறுபடி ஒன்று குறைவு. நம் 147-இன் முதல் 11 வசனம் 146, மீதி 147. கடைசி மூன்றுக்கும் (148, 149, 150) இரு முறையிலும் அதே எண்தான். அதன் பின் கிரேக்கத்திலும் கோப்திக்கிலும் 151 என்று ஒன்று உண்டு. அதன் தலைப்பே அது எண்ணிக்கைக்குப் புறம்பானது என்று சொல்லிவிடும்.

எண் சரியானதும் வசனத்தில் சறுக்குவார்கள். அச்சுப் பதிப்புகளில் பெரும்பாலும் தலைப்பும் வசனமாக எண்ணப்படும். தமிழ் வேதாகமத்தில் 51:1 என்பது அங்கே 50:3. சுவடியில் வசன எண்ணே கிடையாது. அது பதிப்பாசிரியர் போட்டது. ஆகவே "சுவடியில் 50:3 விடுபட்டுள்ளது" என்று எழுதுமுன் யாருடைய 50:3 என்று பாருங்கள்.

இந்தத் தவறு உலகச் செய்தியான கதையும் உண்டு. சுவடி கோப்திக் அல்ல, லத்தீன். 2006 ஜூலையில் அயர்லாந்தின் திப்பரேரி மாவட்டத்தில், ஃபேடன் மோர் என்ற சதுப்பு நிலத்தில், மண்வெட்டும் இயந்திரத்தில் ஒரு பழைய தோல் புத்தகம் சிக்கியது. சுமார் கி.பி. 800-ஐச் சேர்ந்த சங்கீதப் புத்தகம். திறந்திருந்த பக்கம் 83-ஆம் சங்கீதம் என்று அறிவிப்பு வந்தது. அந்த வாரங்களில் லெபனானில் போர் நடந்துகொண்டிருந்தது. பலர் தங்கள் வேதாகமத்தில் 83-ஐத் திறந்தார்கள். அங்கே இஸ்ரவேலை இனமே இல்லாமல் அழிக்கப் பகைவர் சதி செய்வதைப் பற்றிப் பேசுகிறது. தீர்க்கதரிசனம் என்று பரபரப்பு! அயர்லாந்து தேசிய அருங்காட்சியகம் விளக்கம் தர வேண்டியதாயிற்று: லத்தீன் எண்ணும் கிரேக்க வழிதான்; அந்தப் பக்கத்தில் உள்ளது நம் 84, "அழுகையின் பள்ளத்தாக்கு" வரும் பாட்டு.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஏட்டின் முதல் முழு வரியைப் படித்து எந்தச் சங்கீதம் என்று உள்ளடக்கத்தால் உறுதிசெய்யுங்கள். பிறகுதான் எண். எப்போதும் இரண்டையும் எழுதுங்கள்: 22 (எபிரேயம் 23). ஒரு நூலகப் பட்டியல் எந்த எண்முறையில் போகிறது என்று தெரியவில்லையா? 22 பகுதியாகப் பிரியும் மிக நீளமான சங்கீதத்தைத் தேடுங்கள். 118 என்றிருந்தால் கிரேக்க முறை, 119 என்றிருந்தால் எபிரேய முறை. துண்டு ஏடு 113-க்கும் 115-க்கும் இடையில் விழுந்தால் இருமடங்கு கவனம்.

சங்கீதம் என்றாலே தாவீது என்று நினைப்பது

1929-இல் எகிப்தின் ஃபயூம் பகுதியில், மெதினெத் மாதியில், பாப்பிரஸ் புத்தகங்கள் சில கிடைத்தன. அவற்றில் ஒன்று சங்கீதப் புத்தகம், கோப்திக்கில். ஆனால் அது மானி என்ற பாரசீகத் தீர்க்கதரிசியின் சமயத்தாருடையது. இயேசுவை நோக்கிய பாட்டுகளும் அதில் இருப்பதால் ஏமாறுவது சுலபம். உப்பேறி ஒட்டிப்போன ஏடுகளை ஹூகோ இப்ஷர் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். பின்பாதியை ஆல்பெரி 1938-இல் பதிப்பித்தார். சுவடி இப்போது டப்ளினில், செஸ்டர் பீட்டி நூலகத்தில். அதில் பாட்டுகளின் எண் 200-ஐயும் தாண்டிப் போகிறது. 151-க்கு மேல் எண் கண்டால் அது தாவீதின் புத்தகம் அல்ல.

"மிகப் பழையது" என்று பட்டம் கட்டுவது

வாலிஸ் பட்ஜ் 1898-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பாப்பிரஸ் சுவடியைப் பதிப்பித்தபோது, அறியப்பட்டவற்றில் மிகப் பழைய கோப்திக் சங்கீத நூல் என்று தலைப்பிலேயே போட்டார். மூன்றே ஆண்டில், 1901-இல், ரால்ஃப்ஸ் பெர்லின் சுவடியை வெளியிட்டு அதற்குச் சுமார் 400 என்று காலம் குறித்தார். அட்டையில் அச்சான பட்டத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?

1984-இல் எகிப்தின் பெனி சுவெய்ஃப் அருகே அல்-முதில் என்ற இடத்தில் ஏழைகளின் இடுகாடு ஒன்றைத் தோண்டினார்கள். ஆழமில்லாத குழியில் சுமார் 12 வயதுச் சிறுமி. தலைக்கு அடியில் விரித்து வைத்த தோல் ஏட்டுப் புத்தகம். மர அட்டை, ஏறக்குறைய 500 பக்கம், எல்லாச் சங்கீதமும் உண்டு. நான்காம் நூற்றாண்டின் பின்பகுதி அல்லது ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம். மொழி, கோப்திக்கின் மத்திய எகிப்து வட்டார வழக்கு. கவ்தத் கப்ரா 1995-இல் பதிப்பித்தார். கெய்ரோ கோப்திக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதையும் "உலகின் முதல் சங்கீதப் புத்தகம்" என்று எழுதிவிடுகிறார்கள். சினாய் கிரேக்கச் சுவடியில் நான்காம் நூற்றாண்டிலேயே சங்கீதங்கள் முழுமையாக உண்டு, ஆனால் அது முழு வேதாகமத்தின் பகுதி. "முழுமையாக, தனிப் புத்தகமாகக் கிடைத்த மிகப் பழையவற்றில் ஒன்று" என்றால் போதும். புதைத்த காலமும் எழுதிய காலமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

அட்டைக்குள் பாப்பிரஸ் இருந்தால் நூல் எகிப்தில் எழுதியது

அல்ல. ஃபேடன் மோர் புத்தகத்தின் தோலட்டை உட்புறத்தில் பாப்பிரஸ் இருந்தது, எழுத்து லத்தீன்.

ஒவ்வொரு துண்டையும் ஒரு சுவடியாக எண்ணுவது

எகிப்தின் சோஹாக் அருகிலுள்ள வெள்ளை மடத்தின் ஏடுகள் பல நாட்டு நூலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. பக்க எண், பத்தி அகலம், பத்திக்கு எத்தனை வரி: மூன்றும் ஒத்துப்போனால் ஒரே புத்தகமா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

தியாகிகள் ஆண்டோடு 284-ஐ மட்டும் கூட்டுவது

தியாகிகள் ஆண்டு என்பது கி.பி. 284-இலிருந்து எண்ணும் கோப்திக் ஆண்டுக் கணக்கு. கோப்திக் சுவடிகளில் எழுதியவர் தேதி போடும் வழக்கம் பிந்தையது. 1910-இல் ஃபயூமின் ஹமூலியில் கிடைத்த சுவடிக் குவியலில் மிகப் பழைய தேதி 822/823. அந்தச் சாய்கோட்டை அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்துபவர்களும் உண்டு. தியாகிகள் ஆண்டு பழைய ஜூலியன் நாட்காட்டியின்படி ஆகஸ்டு 29-இல் (சில ஆண்டுகளில் 30-இல்) தொடங்கும். அன்று முதல் டிசம்பர் முடியக் கூட்ட வேண்டியது 283, ஜனவரி முதல் 284. ஆண்டு 539 என்று மட்டும் இருந்து மாதம் இல்லாவிட்டால், 822/823 என்று இரண்டையும் போடுவதுதான் சரி.